சக்தா ஆன முகம்

போங் மிரானின் முகம் எப்போதும் அவளைவிட மூத்தது. பள்ளியில் படிக்கிற காலத்திலேயே, பெற்றோர் கூட்டத்தன்று வாசலில் நின்ற புது வாத்தியார் ஒருவர், "எந்தப் பிள்ளையோட அம்மா நீங்க?" என்று பணிவாகக் கேட்டுவிட்டார். அவள் சீருடையில் இருந்ததைக்கூட அந்த மனுஷர் கவனிக்கவில்லை. இப்போது நாற்பத்தேழு வயசு. பஸ்ஸில் ஏறினால் கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எழுந்ததோடு விடாமல் தலையைக் குனிந்து வேறு வணங்குகிறார்கள். அதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது.

இப்படிப்பட்ட முகத்துக்கு எங்கள் கொரியப் பேச்சில் ஒரு சொல் உண்டு: சக்தா. ஜாடிக்குள் போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாய், எங்கள் கிம்ச்சி, புளித்துப் பதமானால் சக்தா. உப்பில் கிடந்த மீன் கரைந்து மணக்க ஆரம்பித்தால் சக்தா. ஒருத்தியின் முகம் வயசுக்கு முன்னே வாடிப் போனாலும் அதே சக்தாதான். கிம்ச்சியைப் பார்த்துச் சொன்னால் அது பாராட்டு. முகத்தைப் பார்த்துச் சொன்னால் அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் கொஞ்ச காலம் போக்குவரத்து இருக்காது. பள்ளி முடிகிற வரைக்கும் மிரானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் சக்தா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் போய் முகத்துக்குப் பூசுகிற தண்ணீர் செய்கிற வேலையைப் பிடித்தாள் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சொங்ஜு ஊருக்கு வெளியே ஒரு நடுத்தரக் கம்பெனி. அதில் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவி அவள். கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிடங்கைத் தாண்டி, குப்பைத் தொட்டியையும் தாண்டி, கோடியில் ஓர் அறை. முதலில் மாடியில்தான் இருந்தது. நாற்றம் தாங்காமல் கணக்குப் பிரிவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முறையிட்டு அவளைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

நாற்றத்துக்குக் காரணம் சோயா. அவித்த சோயாவை வெதுவெதுப்பில் மூடி வைத்துப் புளிக்க விட்டால் சோங்குக்ஜாங் ஆகும். அதில் வைக்கிற குழம்பு கொதிக்கிற வீட்டைக் கண்டுபிடிக்க விலாசமே வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். ஆனால் புளித்த சோயாவைக் கரண்டியால் தூக்கினால் நூல் நூலாக ஒரு பிசின் இழுபடும், வெண்டைக்காயை நறுக்கும்போது வருகிற வழவழப்பைப் போல. மிரானுக்கு அந்த நூல்தான் வேண்டும். தண்ணீரை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் அது லேசில் விடாது. குடும்பத்தில் சிலர் சொத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். காய்ந்து வெடித்த தோலின் மேல் அதைப் பூசினால் தோலுக்கும் அதே பிடிவாதம் வந்துவிடும்.

அந்த நூலைப் பிரித்து, வடித்து, திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் ஒரு தெளிந்த தண்ணீராக்க மிரானுக்குப் பல வருஷம் பிடித்தது. கொஞ்சம் கெட்டியான தண்ணீர். நாற்றம் போய்விட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. மூக்கை ஒட்ட வைத்து முகர்ந்தால், பயறு போட்டு வேகவைத்த சோற்றுப் பானையைத் திறந்தது போல லேசாக ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அப்படி எட்டிப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது.

கூட்டத்தில் பாட்டிலை முகர்ந்து பார்த்த விற்பனை மேனேஜர் குவாங்சு, அதை ரொம்ப மரியாதையாக மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளி வைத்தான். நன்றாக உடுத்துகிறவன், நன்றாகப் பேசுகிறவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. விற்காத பொருளைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க," என்றான். "இதைப் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு காதலனைப் பார்க்கப் போறான்னு வெச்சுக்குங்க. எல்லாரும் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க. அவன் 'என்னத்தடி சாப்பிட்டே'ன்னு கேப்பான்."

முதலாளி பியோ வாய்விட்டுச் சிரித்தார். மிரானுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதனால நான் என்ன சொல்றேன்னா," என்று குவாங்சு தொடர்ந்தான், "நல்ல ரோஜா வாசனை ஒண்ணு போட்டுடுவோம். நாத்தம் மேல வராம இருக்க உங்க சரக்கைக் குறைச்சுக்குவோம். ஒரு சொட்டு விட்டாப் போதும். லேபிள்ல 'நொதித்த சோயா'ன்னு பேர் வந்துடும். சட்டப்படி ஒரு தப்பும் இல்ல."

"லேபிளையா மூஞ்சில ஒட்டிக்கப் போறாங்க?" என்றாள் மிரான். "மீதிப் பாட்டில்ல என்ன இருக்கும்?"

"தண்ணிதான் மேடம். தண்ணியும் ஈரம்தானே."

அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அவள் செய்து கொடுத்ததெல்லாம் அதுதான். ஒரு சொட்டு ஜின்செங், ஒரு சொட்டு முத்துப்பொடி, ஒரு சொட்டு பச்சைத் தேயிலை, மீதிக்கு வாசனையும் தண்ணீரும். விற்றது, சம்பளம் வந்தது, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதில் ஒரு பாட்டிலைக்கூட அவள் தன் வீட்டு அலமாரியில் வைத்ததில்லை. வெட்கமில்லாமல் இது என்னுடையது என்று சொல்ல அவளுக்கு இருந்தது இந்தச் சோயாத் தண்ணீர் ஒன்றுதான்.

"வாசனை போட்டா எரியும் முதலாளி," என்றாள். "காஞ்ச தோலுக்குத்தானே இதைச் செஞ்சேன். அங்க போய் வாசனையைப் போட்டா, புண்ணுல மிளகாய் தடவின மாதிரி."

முதலாளி பியோ எல்லாவற்றிலும் அவசரக்காரர். லிஃப்ட் வருவதற்குள் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குவார். நூடுல்ஸ் வேகிறதற்குள் மூடியைத் திறந்துவிடுவார். வழக்குத் தீர்ப்பதிலும் அப்படித்தான்.

"டிவி விற்பனைக்கு ஒரு நேரம் வாங்கி வெச்சிருக்கேன்," என்றார். "செஞ்சு வெச்சிருக்கிற சரக்கை வாசனை இல்லாம அப்படியே கொண்டு போ. அந்த ஒரு நிகழ்ச்சில மொத்தமும் வித்துத் தீர்ந்துட்டா, உன் தண்ணி உன் தண்ணிதான், எவனும் கை வைக்க மாட்டான். மிஞ்சிச்சுன்னா குவாங்சு சொன்னபடி. சரியா? சரி. சீக்கிரம் சீக்கிரம், அடுத்த விஷயம்."

ஞாயிற்றுக்கிழமை மிரான் வழக்கம்போலப் பொதுக் குளியலறைக்குப் போனாள். அந்தத் தண்ணீர் உண்மையில் வளர்ந்தது கம்பெனி அறையில் அல்ல, இங்கேதான். வெந்நீர்த் தொட்டியில் நன்றாக ஊறிவிட்டு, சொரசொரப்புத் துணியால் மேல்தோல் அழுக்கு உருண்டு உருண்டு விழும்வரை தேய்த்துக்கொள்வது எங்கள் பெண்களின் வழக்கம். தேய்த்து முடித்தால் உடம்பு அவித்த இறால் நிறத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தோல் பொய் சொல்லாது. ஆகாததைப் பூசினால் அங்கேயே கத்திவிடும். அதனால் புதிதாக எது செய்தாலும் மிரான் அதை முதலில் அங்கே கொண்டுவருவாள்.

சுற்றிலும் பெண்கள் அவரவர் சரக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தயிரை முகத்தில் அப்பிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வெள்ளரிக்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு அம்மாள் அரிசிக் கள்ளை முகத்துக்குக் கொஞ்சம், வாய்க்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். குளிக்க வந்தார்களா சமைக்க வந்தார்களா என்று சந்தேகம் வரும்.

மிரானைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கும்சூன். தேய்ப்பதே அவள் தொழில், கறுப்பு உள்ளாடைதான் சீருடை. மிரானுக்குப் பள்ளித் தோழி. அதனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"டிவில நீயே வரப் போறியாடி?" என்று கேட்டாள்.

"நானா? குவாங்சு விடுவானா. யாரோ மாடல் பொண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, ஆராய்ச்சி பண்ணினது இவங்கதான்னு நிறுத்தப் போறானாம்."

"அது சரி. உன் மூஞ்சியைக் காட்டினா, பூசறதுக்கு முன்னாடி எடுத்த படம் இதுன்னு நினைச்சுக்குவாங்க." கும்சூன் அவள் முதுகில் சப்பென்று ஒன்று வைத்தாள், திரும்பிப் படு என்று அர்த்தம். பிறகு ஈரக் கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என்ன கொடுமைடி இது. பார்த்தா கிழவி, தொட்டா பச்சைப்புள்ள. டிவிக்காரன் தொடறதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்காம இருக்கானே."

மிரான் சிரித்தாள். ஆனால் அன்று வீடு திரும்பும்போது அந்தப் பேச்சு மனசில் உறுத்திக்கொண்டே வந்தது. நாற்றத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். தொட்டால்தான் தெரியும் என்கிற பொருளைப் பார்த்து மட்டுமே வாங்குகிறவர்களிடம் எப்படி விற்பது? அவள் நம்பிக்கை பாதிக்கு இறங்கிவிட்டது.

மாடல் பெண் மேடைக்கு வரவில்லை. வர விடவில்லை. சியோல் நகரத்து டிவி நிலையத்தில் விளம்பரச் சொற்களைச் சரிபார்க்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். பெரிய கண்ணாடி, சின்ன வாய். வெள்ளைக் கோட்டு மாடலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சோயா எத்தனை சூட்டுல புளிக்கும்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் குவாங்சுவைப் பார்த்தது. குவாங்சு கூரையைப் பார்த்தான்.

"உருவாக்கினவங்கன்னு சொன்னா உருவாக்கினவங்கதான் வரணும்," என்றாள் அந்த அம்மாள். அதோடு கதை முடிந்தது.

அவளே இன்னொரு காரியமும் செய்தாள். சொல்லக்கூடாத சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டாள். இளமை என்று சொல்லக்கூடாது. சுருக்கம் போகும் என்று சொல்லக்கூடாது. வயசு குறையும், தோல் புதுசாகும், வெளுக்கும், ஒன்றும் கூடாது. முகத்துக்குப் பூசுகிறது மருந்தில்லை என்பது அவள் வாதம், சரியான வாதமும்கூட.

நிகழ்ச்சியை நடத்துகிற யே சுல்பி தலையில் கை வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் மூடாதவள் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியவள். இறால் பொரிக்கிற சட்டியிலிருந்து குளிர்காலக் கம்பளி வரை பேசிப் பேசியே விற்றவள். "எனக்கு மிச்சம் வெச்ச வார்த்தை தண்ணி, ஈரம், நல்லது, அவ்வளவுதான் மேடம்," என்று மிரானிடம் புலம்பினாள். "இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க மூச்சு விடாம பேசறது?"

"மூச்சு விட்டுப் பேசுங்களேன்," என்றாள் மிரான்.

சுல்பி அவளை விநோதமாகப் பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

ஒப்பனை அறையில் மிரானுக்கு மாவு பூச வந்த பெண்ணை அவள் தடுத்துவிட்டாள். பூச்சுக்கு மேலே எந்தத் தண்ணீர் தெரியும் என்பது அவள் நியாயம். குவாங்சு வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், கண்ணுக்குக் கீழ மட்டும் கொஞ்சம்... ப்ளீஸ்... கம்பெனிக்காக..." என்று கெஞ்சினான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, தன் தண்ணீரை மட்டும் பூசிக்கொண்டு எழுந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாக்கள் ஒரு காப்பியோடு உட்காருகிற நேரம். நிகழ்ச்சி தொடங்கியது. விளக்குச் சூட்டில் மேடை அடுப்பங்கரை போலக் கொதித்தது. சுல்பி சோயாவைக் காட்டினாள், நூல் இழுத்துக் காட்டினாள், பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். தண்ணி என்றாள், ஈரம் என்றாள், நல்லது என்றாள். மறுபடி தண்ணி என்றாள். எதிரே ஒரு திரையில், விற்க வேண்டிய பாட்டில்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தது. குறைந்தது என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும். நத்தை நகர்ந்தது. நேரம் பாதி கரைந்தபோதும் பெரும்பாதி சரக்கு அப்படியே கிடந்தது.

மிரான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேமரா அவள் பக்கம் வந்தாலும், சூடு பட்டது போலச் சட்டென்று திரும்பிக்கொண்டது. ஒரு சொட்டு, ஒரு சொட்டு என்று அவள் மனசுக்குள் ஓடியது. நாளையிலிருந்து ரோஜா வாசனையில் ஒரு சொட்டு.

சுல்பிக்கும் வேர்த்துவிட்டது. விற்பனை படுத்துவிட்டால் அவள் குரல் தானாக ஏறும், வேகமும் ஏறும். ஏறியது. "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, விடாம பூசிட்டு வாங்க, உங்க முகம் அப்படியே இள..." என்று பாய்ந்தவள், கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல் சரிபார்க்கிற அம்மாளின் கை உயர்வதைப் பார்த்துவிட்டாள். இளமையைத் தொண்டையிலேயே விழுங்கினாள். ஆனால் வாக்கியம் நிற்கவில்லை, அதற்கு ஒரு முடிவு வேண்டும். காலையிலிருந்து சோயாவையே பேசிப் பேசி நாக்கில் என்ன ஒட்டிக்கொண்டிருந்ததோ அது வந்து விழுந்தது.

"...அப்படியே நல்லா சக்தா ஆயிடும்."

கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார், ஆனாலும் படம் குலுங்கியது. சுல்பி காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் மிரானுக்கே கேட்டது. முகத்துக்குப் பூசுகிற தண்ணீரை விற்க வந்து, பூசினால் மூஞ்சி வாடிக் கிழடு தட்டிவிடும் என்று நாடு பார்க்கச் சொல்லியாயிற்று. திரையில் நத்தையும் நின்றுவிட்டது. சுல்பியின் முகத்தில் மாவுக்குக் கீழே ரத்தமே இல்லை. கேமராவுக்குப் பின்னால் குவாங்சு போனைக் கையில் எடுப்பதை மிரான் பார்த்தாள். ரோஜா வாசனைக்காரருக்குத்தான் இருக்கும்.

அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. சுல்பி மேல் இல்லை, குவாங்சு மேலும் இல்லை. சிறு வயசிலிருந்து தன்னைத் துரத்திக்கொண்டே வருகிற அந்த ஒரு சொல்லின் மேல் வந்தது. இங்கேயும் வந்துவிட்டதா என்று இருந்தது. வந்ததுதான் வந்தது, இன்றைக்கு அதை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

"அவங்க சொன்னது தப்பில்லைங்க," என்றாள்.

கேமரா வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பியது.

"ஸ்கூல்ல என் பேரே சக்தாதான். இந்த மூஞ்சியைப் பார்த்து, எந்தப் புள்ளையோட அம்மான்னு வாத்தியாரே கேட்டிருக்காரு. இந்தத் தண்ணி வயசைக் குறைக்காதுங்க. குறைக்கும்னா முதல்ல என்னோடதைக் குறைச்சிருக்க மாட்டேனா?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை அது வேறு மாதிரிச் சிரிப்பு.

"ஆனா ஒண்ணு. சோயாவை அவிச்சு அப்படியே போட்டுட்டுப் போயிட்டா என்ன ஆகும்? சொக்தா. அழுகிடும். குப்பையிலதான் கொட்டணும். அதே சோயாவை மூடி வெச்சு, சூடு பார்த்து, போர்வை போத்தி, பக்கத்துலயே இருந்து கவனிச்சா சக்தா. குழம்பு வெச்சா ஊரே தேடி வரும். சொல்லைப் பாருங்க, ஒரு எழுத்துதான் வித்தியாசம். கவனிச்சாங்களா இல்லையாங்கிறதுதான் அந்த எழுத்து. என் மூஞ்சிக்கு வயசாயிடுச்சு, நான் இல்லைங்கல. ஆனா இது கவனிச்ச மூஞ்சி. சந்தேகமா இருந்தா தொட்டுப் பாருங்க."

அவள் சுல்பியின் பக்கம் கன்னத்தைக் காட்டினாள்.

சுல்பி கையை நீட்டினாள். வேறு என்ன செய்வாள், செய்ய ஒன்றும் மிச்சமில்லை. விரல் அந்தக் கன்னத்தில் பட்டது, அழுந்தியது, அங்கேயே நின்றுவிட்டது. பிறகு உள்ளங்கை முழுசையும் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. யே சுல்பி பேசாமல் நின்றாள். நேரலையில், விளக்கெல்லாம் எரிகிறபோது, மணித்துளிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற நேரத்தில் அவள் பேசாமல் நின்றாள். அது யாரும் கண்டறியாத அதிசயம். வீடுகளில் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அக்கா," என்றாள் சுல்பி கடைசியில். மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. "எனக்கும் ஊத்துங்க."

ஒரு பஞ்சை நனைத்து, தன் இடது கன்னத்து மாவை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு சதை நிறமாகியது. கீழே வெளிப்பட்ட கன்னம், வருஷக்கணக்காக விளக்குச் சூட்டில் காய்ந்த கன்னம். சிவந்து, செதில் செதிலாக, ஓர் இடத்தில் வெடித்தும் இருந்தது. குவாங்சு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

மிரான் தன் தண்ணீரைக் கையில் ஊற்றி, அந்தக் கன்னத்தில் மெல்ல ஒற்றினாள். சுல்பி தோளைக் குறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதைப் பூசினாலும் எரிந்து பழகின தோல், முன்கூட்டியே பயந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தோள் மெதுவாக இறங்கியது.

"எரியல," என்றாள்.

கத்திச் சொல்லவில்லை. கேமரா இருப்பதே மறந்துபோய், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள். "அக்கா, எரியலக்கா. எனக்குத் தண்ணி பட்டாலே எரியும்."

அந்தச் சொல்லைத் தடுக்க அந்த அம்மாளிடம் எந்தச் சட்டமும் இல்லை. எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். அவள் தன் கன்னத்தையும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டதாகக் குவாங்சு பிறகு சொன்னான்.

திரையில் எண்கள் சரிந்தன. முதலில் ஒன்றும் இரண்டுமாக, அப்புறம் கண்ணால் தொடர முடியாத வேகத்தில். ஒப்பனைக்குக் கீழே எரிகிற கன்னத்தை மறைத்துக்கொண்டு எத்தனை பெண்கள் காத்திருந்தார்களோ, எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துவிட்டார்கள் போலிருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்து, லைன் எல்லாம் நிரம்பிவிட்டது, ஆப்பில் வாங்கச் சொல்லுங்கள் என்று கையசைத்தார். அவர் கையசைத்து முடிப்பதற்குள் ஆப்பும் திணறியது. மிரான் அசையாமல் நின்று பார்த்தாள்.

எண் பூஜ்யத்துக்கு வந்தது. திரை முழுக்கச் சிவப்பில் பெரிய எழுத்து விழுந்தது: விற்றுத் தீர்ந்தது.

நிகழ்ச்சி நேரம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. விற்க ஒரு பாட்டில் இல்லை. பாதி முகத்தில் மாவும் பாதி முகத்தில் தண்ணீருமாக நின்ற சுல்பி, என்ன செய்வதென்று தெரியாமல், "அக்கா, நீங்க சோங்குக்ஜாங் குழம்புல முள்ளங்கி போடுவீங்களா?" என்று கேட்டாள். மீதி நேரம் முழுக்க இரண்டு பேரும் குழம்பைப் பற்றியே பேசினார்கள். முள்ளங்கி கூடாது, புளித்த கிம்ச்சிதான் போட வேண்டும் என்று மிரான் கறாராகச் சொன்னாள். ஒருவரும் சானலை மாற்றவில்லையாம்.

மேடையை விட்டு இறங்கியதும் மிரான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு நன்றாக அழுதாள். சந்தோஷத்தில்தான். அழ வேண்டும் போலிருந்தது, அழுதாள், அவ்வளவுதான். குவாங்சு பக்கத்தில் வந்து, துண்டை நீட்டுவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டு நின்றான்.

"மேடம்," என்றான். "நான் அந்த லைட்டுக்குப் பின்னாடி நின்னு என் கன்னத்துலயும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். காலைல ஷேவ் பண்ணினது. எரியல."

"இப்பவாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்." அவன் தலையைக் குனிந்தான். இந்தத் தலைகுனிவு மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் அவன் போன் அலறியது. முதலாளி. குவாங்சு அதை அவளிடமே கொடுத்துவிட்டான்.

"மிரான், பார்த்தேன், பார்த்தேன்," என்று பியோவின் குரல் காதைத் துளைத்தது. "என் சம்சாரம் வாங்கலாம்னு பார்த்தா சரக்கே இல்லைங்கறாங்க. அடுத்த வாரமே இன்னொரு நிகழ்ச்சி வாங்கிட்டேன். இதை மாதிரி ரெண்டு பங்கு வேணும். சூட்டை ஏத்திவிடு, பானையை ஜாஸ்தி பண்ணு, என்ன வேணாப் பண்ணு. சீக்கிரம் சீக்கிரம்."

மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் ஆகாது முதலாளி."

"ஆகாதா? ஏன் ஆகாது?"

"சூட்டை ஏத்தினா சொக்தா ஆயிடும். புளிக்கிறதுக்கு அது எவ்வளவு நேரம் கேக்குதோ அவ்வளவு நேரம் கொடுத்துத்தான் ஆகணும். ஜனங்களும் காத்திருப்பாங்க. நீங்களும் காத்திருங்க."

குவாங்சு அவளையே பார்த்தான். பியோவைக் காத்திருக்கச் சொன்ன ஆள் அந்தக் கம்பெனியில் அதுவரைக்கும் பிறந்திருக்கவில்லை.

"சரிம்மா," என்றார் முதலாளி கடைசியில், யாரோ வேறு ஆள் போல நிதானமாக. "எப்ப ஆகுமோ அப்ப சொல்லு."

மிரான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அந்த ரோஜாக்காரருக்கு போன் பண்ணிட்டீங்களா, குவாங்சு?"

"பண்ணிட்டேன் மேடம். நிகழ்ச்சிக்கு நடுவுல..." அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். "வரச் சொல்லிட்டேன்."

"இப்பவே மறுபடியும் பண்ணுங்க," என்றாள் அவள். "வேண்டாம்னு சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."